அவள் என்று எழுதிய அட்டைகள்

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மூக்கன் எழுதுவது. நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மெஷினில் குனிந்தே கிடக்காமல் மணிக்கொரு தரம் எழுந்து நட என்று சொல்லிவிட்டு வந்தேன். நடக்கிறாயா, இல்லை வழக்கம்போல் தலையை மட்டும் ஆட்டினாயா?

அகராதி ஆபீசில் சேர்ந்து இரண்டு வாரம் ஓடிவிட்டது. கீழே டயர் கடை, மேலே நாங்கள். ஆறு மேசை, ஒரு சுவர் முழுக்க மர டிராயர், டிராயர் முழுக்க அட்டை. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருளும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு உதாரண வாக்கியமும் எழுத வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு வேலையையே விட்டுவிட்டுப் போனாராம். அவருடைய கடைசி அட்டையில் ‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுதியிருக்கிறது. அந்தப் பிறகு நான்தான்.

சொல் இதுதான்: அஃப்ளிக்‌ஷன். பழைய அகராதியைப் புரட்டினால் துன்பம், நோவு, பீடை, வாதை, இடர், உபாதை, அவதி என்று ஏழு பேர் வரிசையில் நிற்கிறார்கள். யாரை உள்ளே விடுவது என்று எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. நோய் என்றால் போதவில்லை, துன்பம் என்றால் வழிந்துவிடுகிறது.

இங்கே எடிட்டர் ஒரு அம்மா. ஆபீசில் அவருக்குப் பெயர் ‘சிவப்பு மை’. அவர் போட்ட சட்டம் இரண்டு. ஒன்று, உதாரணத்தை ஆபீஸ் ஆட்கள் எழுதக் கூடாது, வெளியே ஜனங்கள் பேசுவதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அட்டையின் மூலையில் கேட்டது என்றால் ‘கே’, படித்தது என்றால் ‘ப’, வேறு வழியே இல்லாமல் கற்பனை என்றால் ‘க’ என்று போட வேண்டும். இரண்டாவது, பெயரும் கூடாது, ‘நான்’ என்ற சொல்லும் கூடாது. யார் ‘நான்’ என்று சொல்லியிருந்தாலும் அவன், அவள் என்று மாற்றிவிட வேண்டும். “ஊரார் அழுகையெல்லாம் அகராதிக்கு வேண்டாம்” என்கிறார்.

இருபது வெற்று அட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் தையல் கடையில் பன்னிரண்டு பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசுகிறீர்கள். கஷ்டத்தைத் தவிர வேறென்ன பேசப் போகிறீர்கள்? கேட்டு எழுதி அனுப்பு.

இன்னொன்று. முதல் ஆறு மாதம் ஒரு நாள்கூட லீவு கிடையாது. எடுத்தால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணுவார்களாம். ஆகவே ஜூலை ஆறு வரை என்னை எதிர்பார்க்காதே. மூன்று வருடம் வேலையில்லாமல் உன் கையை எதிர்பார்த்துக் கிடந்தவன், இதைக் கோட்டை விட மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மூக்கன்

பிப்ரவரி 2

மூக்கனுக்கு அக்கா எழுதுவது.

நான் சௌக்கியம். முதுகும் சௌக்கியம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, அட்டையைத் தின்றுவிடாதே.

உன் கடிதம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. எனக்கு இருப்பதே ஒன்றேகால் கண். இடது கண் பிறந்ததிலிருந்து பேருக்குத்தான் என்பது உனக்குத் தெரியாததா? வலது கண்ணை வைத்துத்தான் காலரும் தைக்க வேண்டும், உன் கடிதமும் படிக்க வேண்டும். கொஞ்சம் பெரிதாக எழுது.

நீ சொன்ன சொல்லைக் கடையில் போட்டேன். கடையே இரண்டாகப் பிரிந்து சண்டை. பட்டன் தைக்கும் அம்மா, “நோய்னா டாக்டர்கிட்ட போலாம். பீடைன்னா எங்க போறது?” என்று கேட்டார். கட்டிங் மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, “ஏம்மா, இங்கிலீஷ்காரனுக்கு வர்ற கஷ்டத்துக்கு நாம ஏன் பேர் வைக்கணும்?” என்றார். அன்று இருபது சட்டை குறைவாகத்தான் போயிற்று. மூன்று அட்டை எழுதியிருக்கிறேன், மூன்றும் ‘கே’.

‘மாமியார் வந்து தங்கிய நாளிலிருந்து வீட்டுக்குப் பீடை பிடித்துவிட்டது என்று அவள் சொன்னாள்.’

‘இந்தப் பல்வலியோடு அவர் ஒரு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறார்.’

‘அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு அவள் படாத பாடு பட்டாள்.’

வேலைக்குப் போட்டுக்கொள்ள ஒரு சட்டை தைத்துத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா என்று எழுது.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்தத் தடவை எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன், பார்த்தாயா?

உன் அட்டைகள் மேல் சிவப்பு மை ஆறாக ஓடிவிட்டது. மாமியார் அட்டையில் ‘ஆளைச் சொல்ல வேண்டாம், ஆளுக்கு நேர்ந்ததைச் சொல்லவும்’ என்று எழுதிவிட்டார். பல்வலி அட்டையில் ‘பல் டாக்டர் இருக்கிறார்’ என்று ஒரே வரி. மூன்றாவது மட்டும் தேறியது.

அந்த அம்மா எனக்கு விளக்கினார், நான் உனக்கு விளக்குகிறேன், இரண்டு பேருக்கும் புரிந்தால் பெரிய விஷயம். அஃப்ளிக்‌ஷன் என்பது வந்து போவது இல்லையாம், வந்து உட்கார்ந்துகொள்வதாம். நோயாகவும் இருக்கலாம், துக்கமாகவும் இருக்கலாம். பஞ்சத்தையும் சொல்கிறார்கள், கண் தெரியாமல் போவதையும் சொல்கிறார்கள். அந்த ஆள் தேடிப் போனதாக இருக்கக் கூடாது, தானாக வந்து விழுந்ததாக இருக்க வேண்டும். வந்த பொருளுக்கும் அதே பெயர்தான், அதனால் ஆள் படுகிற பாட்டுக்கும் அதே பெயர்தான். தமிழில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல் எங்கே இருக்கிறது? நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே அக்கா, கொஞ்சம் பெரிய கஷ்டமாகப் பார்த்து அனுப்பு.

சட்டை வந்தது. அளவு அச்சு. ஆனால் பாக்கெட் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. பேனா வைத்தால் அதுவும் சாய்ந்து நின்று என்னோடு சேர்ந்து யோசிக்கிறது. காலர் தைப்பதில் பேர் வாங்கின உனக்கு என்ன ஆயிற்று, தூங்கிக்கொண்டே தைத்தாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
மூக்கன்

மார்ச் 18

மூக்கனுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உனக்கு இருமல் இருந்ததே, விட்டதா?

பதில் எழுத ஒரு மாதம் தாண்டிவிட்டது. கடையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் சீசன். நடுவில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வேறு ஒரு வேலையாகப் போக வேண்டியிருந்தது. காலை எட்டு மணிக்குப் போய் நம்பர் வாங்கி, நாலு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். அது கிடக்கட்டும்.

பாக்கெட் சரிந்தது துணியின் கோளாறு. சில துணி தைக்கும்போது இழுத்துக்கொள்ளும். நான் இப்போது மெஷினை விட்டு இஸ்திரி மேசைக்கு மாறிவிட்டேன். மாஸ்டர்தான் மாற்றினார். நின்று செய்கிற வேலை, நீ சொன்னபடி முதுகுக்கு நல்லது.

பெரிய கஷ்டம் கேட்டாய். மூன்று அட்டை வைத்திருக்கிறேன். மூலையில் என்ன போடுவது என்று தெரியவில்லை, நீயே போட்டுக்கொள்.

‘நேராக ஓடும் தையல் வளைந்து தெரிந்தபோது அது துணியின் குற்றம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.’

‘எதிரே நிற்பவரின் தோள் தெரிகிறது, காது தெரிகிறது, முகம் இருக்கும் இடத்தை மட்டும் யாரோ விரலால் அழித்த மாதிரி இருக்கிறது, இதுதான் அவளுக்கு வந்த அஃப்ளிக்‌ஷன்.’

‘மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் கண்ணுக்குள் விழுந்த ஓட்டை அப்புறம் மூடாது என்று டாக்டர் அவளிடம் சொன்னார்.’

உங்கள் எடிட்டர் அம்மா என்ன சொல்கிறார் என்று எழுது.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் விட்டது, வேலைதான் விட மாட்டேன் என்கிறது. நீ நின்றுகொண்டு வேலை செய்கிறாயே, கால் வீங்குகிறதா? மேசைக்கு அடியில் ஒரு பலகை போட்டுக்கொண்டு மாற்றி மாற்றிக் காலை வை.

அக்கா, உனக்குள் இப்படி ஓர் ஆள் இருப்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே! அந்த இரண்டாவது அட்டையைப் பக்கத்து மேசைக்காரரிடம் படித்துக் காட்டினேன். டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டார். முதல் அட்டையிலும் மூன்றாவது அட்டையிலும் ஒரு சிக்கல். வாக்கியம் நன்றாக இருக்கிறது, நம் சொல்தான் இல்லை. சொல்லே இல்லாத வாக்கியத்தை எந்த டிராயரில் போடுவது? கட்டி வைத்திருக்கிறேன், பார்க்கலாம்.

உங்கள் கடையில் யாரும் இவ்வளவு கோர்வையாகப் பேச மாட்டார்கள் என்பதால் மூன்றுக்கும் மூலையில் ‘க’ போட்டுவிட்டேன். சரிதானே? அல்லது அந்த ‘அவள்’ நிஜமாகவே ஓர் ஆளா? எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நிஜம் என்றால் ‘கே’ போட வேண்டும், சட்டம் சட்டம்தான்.

இன்னொரு வேடிக்கை. என்னை எறும்பு என்று சொல்லிவிட்டு நீ ஏன் சுவரொட்டி மாதிரி எழுதுகிறாய்? ஒரு அட்டையில் நாலு வரிதான் கொள்கிறது. அட்டைக்குப் பஞ்சம் இல்லை, இன்னும் இருபது வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மூக்கன்

ஏப்ரல் 16

மூக்கனுக்கு,

நான் சுகம். கால் வீங்கவில்லை. பலகை போட்டுக்கொண்டேன்.

அவள் நிஜ ஆள்தான். எங்கள் கடையில் இருப்பவள். பெயர் கேட்காதே, உங்கள் சட்டப்படி பெயர் கூடாது. எனக்கு நன்றாகத் தெரிந்தவள் என்று மட்டும் வைத்துக்கொள். சாப்பாட்டு வேளையில் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன்.

‘ஆபரேஷன் முடிந்து பத்து நாள் குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்றார்கள், சாப்பிடும்போதும் அவள் முகம் தரையைத்தான் பார்க்க வேண்டுமாம்.’

‘கூட ஆள் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்று நர்ஸ் சொன்னதற்கு, இருக்கிறார்கள் என்று அவள் பொய் சொன்னாள்.’

‘வந்த கஷ்டத்தைவிட அதை யாரிடம் சொல்வது என்ற குழப்பம்தான் அவளுக்குப் பெரிய அஃப்ளிக்‌ஷன்.’

கடைசி அட்டையில் சொல் இருக்கிறது, பார்த்துக்கொள்.

சும்மா ஒன்று கேட்கிறேன். ஜூலை ஆறு என்பது உறுதிதானா? உன்னை மாதிரி ஒழுங்காக வேலை செய்பவனுக்கு ஜூனிலேயே முடித்துவிட மாட்டார்களா? ஒன்றும் அவசரமில்லை. வந்தால் ஜன்னல் கொக்கியை மாற்றித் தருவாயே என்று பார்த்தேன்.

அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதம் மூன்று நாளாக என் மேசையில் கிடக்கிறது. படிக்கப் படிக்க எரிச்சலாக வருகிறது. உன்மேல் இல்லை, அந்த அம்மாவின் வீட்டு ஆட்கள்மேல்.

பத்து நாள் கூட இருக்க ஒரு ஆள் இல்லையா? அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று யாருமே கிடையாதா? இருந்தால் அவர்கள் என்ன மனுஷர்கள்? ஒரு பொம்பளை கண் போகப் போகிறது என்று தெரிந்து தனியாக நம்பர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். எனக்கு மட்டும் அவர்களைத் தெரிந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நீயாவது அவர்கள் வீட்டுக்கு எழுது. கூச்சப்படாதே.

ஜூலை ஆறில் மாற்றம் இல்லை. கேட்கவே பயமாக இருக்கிறது. எனக்கு முன்னால் ஒருவர், கல்யாணத்துக்கு லீவு எடுத்துவிட்டு மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பித்தாராம். அதுவும் அவருடைய கல்யாணத்துக்கே! கொக்கிக்குத் தற்காலிகமாகச் சணலைக் கட்டி வை. ஜூலையில் வந்து பார்க்கிறேன்.

ஆறு அட்டைக்கும் ‘கே’ என்று திருத்திவிட்டேன். இன்னும் இரண்டு வந்தால் சொல்லை முடித்துவிடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மூக்கன்

மே 12

மூக்கனுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

அந்த அம்மாவுக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான். நல்லவன். திட்டாதே. ரொம்ப நாள் வேலை கிடைக்காமல் இருந்து இப்போதுதான் ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கலைக்க அவளுக்கு மனசில்லை. அவ்வளவுதான்.

நீ கேட்ட இரண்டு.

‘தனக்கு ஒன்றும் இல்லை என்று அவள் தம்பிக்கு எழுதினாள்.’

‘தம்பியின் போட்டோவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், சட்டை தெரிந்தது.’

அக்கா

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் என்று பார்த்தால் ஏழெட்டு வரிதான் எழுதியிருக்கிறாய். கோபமா? உடம்பு சரியில்லையா? அல்லது வேலை அதிகமா?

அந்தத் தம்பியைப் பற்றி எழுதினாயே, நல்லவன் என்று. என்ன பெரிய நல்லவன்! வேலையாம் வேலை. வேலை போனால் இன்னொன்று வரும், அக்காவின் கண் போனால் வருமா? நான் சொன்னேன் என்று அவனிடம் சொல். இல்லை, அவனைச் சொல்லியும் பயனில்லை, அவனுக்குத் தெரிந்தால்தானே அவன் வருவான்? இந்த அம்மாவும் வாயைத் திறக்காமல் எல்லாம் சரி என்று எழுதினால் அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? அவனைத் திட்டுவதா, அவளைத் திட்டுவதா என்று எனக்கே தெரியவில்லை. அவளிடமே சொல்: தம்பி என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்?

அந்தப் போட்டோ அட்டையில் கடைசிச் சொல் அட்டையை விட்டு வெளியே ஓடிவிட்டது. ‘சட்டை தெரி’ என்றுதான் இருக்கிறது, மீதி கடிதத்தாளின்மேல் விழுந்திருக்கிறது. நான் ஒட்டி எழுதிவிட்டேன். ஏனோ அன்று முழுவதும் மனசு ஒரு நிலையில் இல்லை. எதனால் என்று யோசித்தேன், தெரியவில்லை.

எல்லா அட்டையையும் எடிட்டர் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உடனே பதில் போடு.

மூக்கன்

ஜூன் 7

அக்கா,

நீ பதில் போடவில்லை. நானும் நலமா என்று இனிமேல் கேட்கப் போவதில்லை. கேட்டுக் கேட்டு நீ பொய் சொன்னதுதான் மிச்சம்.

நேற்று எடிட்டர் அம்மா என்னைக் கூப்பிட்டார். மேசையில் உன்னுடைய பதினொரு அட்டையும் இருந்தன. “இதெல்லாம் ஒரே ஆள் எழுதினதா?” என்று கேட்டார். “ஆமாங்க, எங்க அக்கா” என்றேன். “தேதி வாரியா அடுக்குங்க” என்றார். அடுக்கினேன். எதற்கென்று புரியாமல் சீட்டு விளையாடுகிறவன் மாதிரி அடுக்கினேன்.

“முதல் அட்டையில ஒரு வரிக்கு ஏழு சொல் இருக்கு. கடைசி அட்டையில ரெண்டு. பாத்தீங்களா?” என்றார்.

“அவங்க எழுத்து கொஞ்சம் பெருசுங்க” என்றேன். அக்கா, நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன்.

அவர் முதல் மூன்று அட்டையை ஒதுக்கி வைத்தார். பிறகு, “நாலாவது அட்டையிலேருந்து படிங்க. ‘அவள்’ங்கிறதை எடுத்துட்டு ‘நான்’னு போட்டுப் படிங்க” என்றார்.

“நான்னு வரக் கூடாதுன்னு சட்டம் இருக்குங்களே?”

“சட்டம் போட்டது நான். படிங்க.”

படித்தேன். நேராக ஓடும் தையல் வளைந்து தெரிந்தபோது துணியின் குற்றம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அடுத்த அட்டையைக் கையில் எடுத்தேன். அதைப் படிக்காமலே கீழே வைத்தேன். அவர் கையை நீட்டி என் சட்டையைக் காட்டினார். “இந்தப் பாக்கெட்டை யாருப்பா தெச்சாங்க?”

நான் அங்கேயே அழுதேன். டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மற்ற மேசைக்காரர்கள் எல்லாரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறேன் என்றுதானே எனக்கு இந்தப் பெயர் வைத்தாய்? இந்த ஒன்றில் மட்டும் என் மூக்கு எங்கே போயிற்று? நீ கண் போகிறது என்று எழுதினாய், நான் அதற்கு ‘நம் சொல் இல்லை’ என்று பதில் எழுதினேன். உன் எழுத்தைச் சுவரொட்டி என்றேன். நல்ல தம்பி!

மார்ச் பதினைந்து வாக்கில் மூன்று மாதம் என்றால் இன்னும் எட்டு நாள் இருக்கிறது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் நிற்பேன். தயவுசெய்து இஸ்திரி மேசைக்குப் போய்விடாதே.

மூக்கன்

ஜூன் 8

மூக்கனுக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். எனக்கு ஒன்றும் இல்லை. இதைப் பட்டன் தைக்கும் அம்மாவின் மகள் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. எனக்குக் கையில் சின்னச் சூடு பட்டிருக்கிறது, அதனால்தான். இஸ்திரிப் பெட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் கை வைத்துவிட்டேன்.

அந்த அம்மா விஷயம் முடிந்துவிட்டது. ஜூலை ஏழாம் தேதி பார்த்துக்கொள்ளலாம் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? டாக்டர்கள் கொஞ்சம் முன்கூட்டித்தான் சொல்வார்கள். அந்தப் பையனை மட்டும் திட்டாதே. அவன் ஒவ்வொரு கடிதத்திலும் உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதுகிறவன்.

நீ வேலையைக் கவனி.

அக்கா

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ குப்புறப் படுத்திருக்கிறாய். எனக்கு நன்றாகவே தெரிகிறது, ஏனென்றால் நான் உன் கட்டிலுக்கு நேர் கீழே பாயில் மல்லாந்து கிடந்துதான் இதை எழுதுகிறேன். இன்று ஏழாவது நாள்.

நீ எட்டாம் தேதி எழுதிய கடிதம் என் பூட்டிய அறைக்குப் போய், வீட்டுக்காரர் விலாசம் மாற்றி அனுப்பி, இன்று காலை இங்கேயே வந்து சேர்ந்தது. நீ எனக்குச் சொன்ன பொய்யை நானே உனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நீ சிரித்தாய். தலையை ஆட்டாதே என்று நர்ஸிடம் இரண்டு பேரும் திட்டு வாங்கினோம். பிறகு நீதான் சொன்னாய், “கடுதாசி வந்தா பதில் போடணும்டா, அதான் மரியாதை.” இதோ போடுகிறேன். முடித்ததும் படித்துக் காட்டுகிறேன்.

ஓட்டை மூடிவிட்டதா என்று இன்னும் ஒருவரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சின்ன டாக்டர் மூடும் என்கிறார், பெரிய டாக்டர் பார்க்கலாம் என்கிறார். யாரை நம்புவது என்று தெரியாமல், காலையில் ஒருவரையும் மாலையில் ஒருவரையும் நம்பிக்கொண்டிருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது அக்கா. உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

வேலையைப் பற்றித் தினம் கேட்கிறாய். போகவில்லை. திரும்பிப் போனதும் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள், அவ்வளவுதான். எடிட்டர் அம்மா ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். அஃப்ளிக்‌ஷனுக்கு ‘அவதி’ என்று முடிவாகிவிட்டதாம். உதாரணமாக, டாக்டர் மூன்று மாதம் சொன்ன அந்த அட்டையைச் சேர்த்திருக்கிறார், நான் சொல்லே இல்லை என்று கட்டி வைத்தேனே, அதை. பக்கத்தில் சிவப்பு மையில் ‘சொல் தேவையில்லை’ என்று எழுதியிருக்கிறார். கூடவே வெற்று அட்டை ஒரு கட்டு.

நான் நீ தைத்த சட்டையைத்தான் போட்டிருக்கிறேன். வலது கண்ணில் கட்டு, இடது கண்ணோ பேருக்கு. கட்டில் விளிம்புக்கு வெளியே முகத்தைத் தொங்கவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாய். என்ன தெரிகிறது என்று கேட்டேன். “முகம் தெரியல. பாக்கெட் சரிஞ்சிருக்கு, அது தெரியுது” என்றாய்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று இந்தத் தடவை எழுதவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மூக்கன்

பின்குறிப்பு: படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, ஒரு அட்டை எடு, நான் சொல்வதை எழுது என்றாய். எழுதியிருக்கிறேன், அப்படியே.

‘என் தம்பி வந்திருக்கிறான்.’

மூலையில் ‘கே’ போட்டேன். இதில் இருக்கும் ‘என்’னை யாரும் ‘அவள்’ என்று திருத்தக் கூடாதாம். எடிட்டர் அம்மாவுக்குத் தனியாக எழுதச் சொல்கிறாய். எழுதுகிறேன்.